முதலாம் தவணை, மைதானத்தில்

யாழ்ப்பாணத்தில் முதலாம் தவணை எப்போது தொடங்கும் என்பதைக் கல்வியமைச்சின் சுற்றறிக்கை வந்த பிறகுதான் சொல்லலாம். கொரோனாவுக்குப் பிறகு தவணைகள் முன்னும் பின்னுமாகக் குழம்பிப்போய், ஒரு வருஷம் ஜனவரி, இன்னொரு வருஷம் பெப்ரவரி என்று இழுபட்டன. ஆனால் தொடங்கிவிட்டதா என்று அறியச் சுற்றறிக்கை தேவையில்லை. பனி விலகாத காலை ஆறரைக்கு ஏதாவதொரு பள்ளிக்கூட மதிலோரம் சைக்கிளில் போனால் போதும். உள்ளே ஒரு பெண்பிள்ளை தொண்டை கிழிய "லெப்ட், லெப்ட், லெப்ட் ரைட் லெப்ட்" என்று கத்திக்கொண்டிருப்பாள். அணிநடைப் பழக்கம் தொடங்கிவிட்டது என்றால் தவணையும் தொடங்கிவிட்டது.

நான் கணக்குப் படிப்பிக்கிறவன். படிக்கிற காலத்தில் ஓட்டத்திலோ பாய்ச்சலிலோ பெயர் எடுத்தவனில்லை. இருந்தாலும் இந்தத் தவணையில் என் கழுத்தில் ஒரு நிறுத்தற்கடிகாரம் தொங்கும். சொந்தப் பள்ளிக்கூடம் என்றில்லை, வலிகாமப் பக்கத்தில் எங்கே நடுவர்கள் போதவில்லை என்றாலும் கூப்பிடுவார்கள், போவேன். ஆகவே இது ஒரு நேரக்கணிப்பாளரின் பதிவு. முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவனுக்குத் தெரிந்ததுதான் இதில் இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே ஒவ்வொரு பள்ளியும் தன் மாணவர்களை மூன்று, நாலு, ஐந்து இல்லங்களாகப் பிரித்து வைத்திருக்கும். மிசன் பள்ளிகளில் பழைய வெள்ளைக்கார அதிபர்களின் பெயர்கள், இந்துக் கல்லூரிகளில் பள்ளியை நிறுவியவர்களின் பெயர்கள், மற்ற இடங்களில் வள்ளுவர், கம்பர், இளங்கோ, பாரதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஆறாம் வகுப்பில் ஒரு நிறத்துக்குள் போன பிள்ளை உயர்தரம் முடித்து வெளியேறும்வரை அந்த நிறம்தான். தாய் மஞ்சள் என்றால் மகளும் மஞ்சள் கேட்டு அழுவாள். இந்த இல்லங்களுக்கிடையே வருஷத்துக்கு ஒருமுறை நடப்பதுதான் இல்ல மெய்வல்லுநர் போட்டி. வயதுப் பிரிவு 12, 14, 16, 18, 20 என்று போகும். அதில் வென்றவர்கள் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறுவார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தப் பயணம் கோட்டத்தோடு நின்றுவிடும். அதில் ஒன்றும் கேவலமில்லை.

இந்தத் தவணையில் வேறு காரியங்களும் உண்டு. பொங்கல், சாரணர் தினம், தமிழ்மொழித் தினத்துக்கான பள்ளிமட்டப் போட்டிகள், பெரிய பள்ளிகளில் கிரிக்கெட். அவற்றில் சிலவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கோடு போடுவதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் மைதானத்தில் 400 மீற்றர் ஓடுபாதைக்கு இடமில்லை. ஒரு பக்கம் பிள்ளையார் கோவில் மதில், மறுபக்கம் விஞ்ஞானகூடம். 200 மீற்றர்தான் போடலாம். உடற்கல்வி ஆசிரியர் ஒரு நீள ஆணியை நட்டு, கயிற்றைக் கட்டி, மறுமுனையில் ஒரு பெடியனை நிறுத்தி அரைவட்டம் அடிப்பார். பின்னால் இரண்டு பேர் ஓட்டை போட்ட தகரப் பேணியில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி உதறிக்கொண்டு வருவார்கள். மதியத்துக்குள் எல்லோருக்கும் புருவம் வெள்ளை. காற்று அடித்தால் திரும்ப முதலில் இருந்து.

ஒருமுறை கோடு போட்டு முடித்து 200 மீற்றர் ஓட்டத்துக்குத் தொடக்க இடங்களைக் குறித்தபோது பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன் சண்டைக்கே வந்துவிட்டான்.

"சேர், ஆறாம் லேன்காரன் கனக்க முன்னுக்கு நிக்கிறான். உது அநியாயம். அவன் ஓடத் தேவையில்லை, நடந்தே வந்திடுவான்."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. முதலாம் லேனில் நிற்கிறவனுக்கு 38 மீற்றர் முன்னால் ஆறாம் லேன்காரன் நிற்கிறான். எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் வரும். "அப்ப நீயே கணக்குப் பாரன்" என்று சுண்ணாம்புக் கையோடு நிலத்தில் எழுதவைத்தேன். லேனின் அகலம் 1.22 மீற்றர். உள் வட்டத்தின் ஆரை எவ்வளவாகவும் இருக்கட்டும், வெளி வட்டத்தின் ஆரை அதைவிட 1.22 கூட. இரண்டு சுற்றளவுகளையும் கழித்தால் ஆரை வெட்டுப்பட்டுப் போய்விடும். மிஞ்சுவது இரண்டு தர பை தர 1.22, அதாவது 7.67 மீற்றர். ஐந்து லேனுக்கு 38.

பக்கத்தில் நின்ற பிள்ளை ஒருத்திதான் முக்கியமான கேள்வியைக் கேட்டாள். "அப்ப சேர், துரையப்பா மைதானத்திலயும் இதே 7.67 தானா?" ஓம், அந்தப் பெரிய மைதானத்திலும் அதேதான். ஓடுபாதை 200 மீற்றரோ 400 மீற்றரோ, ஒரு முழுச்சுற்றுக்கு லேனுக்கு லேன் உள்ள வித்தியாசம் மாறாது, ஏனென்றால் அதில் ஆரைக்கு வேலையே இல்லை. உள்லேனில் மேடான விளிம்பு கட்டியிருக்கும் பெரிய மைதானங்களில் இரண்டாம் லேனுக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடுவார்கள், எங்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தச் சோலியும் இல்லை. வட்டத்தின் சுற்றளவை நான் வகுப்பில் எத்தனையோ தரம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை.

நேரம் எடுப்பதிலும் இப்படிச் சில நுணுக்கங்கள் உண்டு. புதிதாக வரும் இளம் ஆசிரியர்கள் வெடிச்சத்தம் கேட்டதும் கடிகாரத்தை அமத்துவார்கள். அப்படிச் செய்யக்கூடாது, புகையைப் பார்த்துத்தான் அமத்த வேண்டும். 100 மீற்றர் தூரத்தைச் சத்தம் கடந்துவர ஏறக்குறைய 0.3 செக்கன் எடுக்கும். பிள்ளை அந்த நேரத்துக்குள் இரண்டு மீற்றர் ஓடியிருக்கும். சத்தத்துக்கு அமத்தினால் அவளுக்கு உரிமையில்லாத ஒரு சாதனையை நாங்கள் எழுதிக் கொடுத்துவிடுவோம், பிறகு வலயத்துக்குப் போன இடத்தில் "உன்ர நேரம் எங்கே போச்சுது" என்று அவளிடம்தான் கேட்பார்கள். மூன்று பேர் நேரம் எடுத்தால் இரண்டு பேருக்கு ஒத்துவருவதை எடுக்க வேண்டும், மூன்றும் வேறென்றால் நடுவில் உள்ளதை. கையால் எடுத்த நேரத்தைத் தசமத்தின் ஒரு தானத்துக்கு மேல்நோக்கித்தான் மாற்ற வேண்டும், 12.41 என்றால் 12.5. கோட்டை முதலில் கடந்தது யார் என்று பார்ப்பது நெஞ்சை வைத்து. தலையை நீட்டுகிறவனுக்கும் கையை நீட்டுகிறவனுக்கும் அதனால் ஒன்றும் கிடைக்காது. இதையெல்லாம் பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவிட்டால் முடிவுக்கோட்டில் பாதிச் சண்டை குறையும்.

இனி, பதக்கம் கிடைக்காத வேலைக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இல்லத் தலைவி என்று ஒருத்தி இருப்பாள். உயர்தர வகுப்பு, பதினேழு பதினெட்டு வயது. மார்பில் ஒரு பட்ஜ். அவளுக்கு அது பெருமை என்று நாங்கள் நினைக்கிறோம், ஆனால் அந்த ஆறு ஏழு கிழமையும் அவள் செய்வது ஒரு சின்னத் திணைக்களத்தை நடத்துகிற வேலை. போன வருஷம் ஒரு பிள்ளையின் சீ.ஆர். கொப்பியை, அதாவது தடித்த மட்டைப் பெரிய கொப்பியை, பார்க்கக் கிடைத்தது. முதல் பக்கத்தில் நிகழ்ச்சிகள், வயதுப் பிரிவு, யார் யார். அது எல்லாரும் எழுதுவது. அதற்குப் பின்னால் அவள் தானாகப் போட்டுக்கொண்ட ஒரு அட்டவணை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நேராக அவர்களுடைய ரியூசன் நாளும் நேரமும். "திங்கள் 3.30 விஞ்ஞானம்", "புதன் 2.30 ஆங்கிலம், சனி முழுக்க ஏலாது." அதற்கும் பக்கத்தில் ஒரு சின்ன நிரலில் "வீட்டில விடுவினம்", "அப்பாவோட கதைக்க வேணும்", "அம்மம்மா ஓம் எண்டா சரி", "சப்பாத்து இல்லை".

அஞ்சலோட்டத்துக்கு நாலு பேரும் ஒன்றாகச் சேர்ந்து கோல் மாற்றிப் பழக வேண்டும். அந்த நாலு பேருக்கும் ரியூசன் இல்லாத ஒரே நேரம் வெள்ளி காலை 6.15 என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். யாழ்ப்பாணத்தில் ரியூசன் நேரங்களுக்கு நடுவே ஒரு ஓட்டையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். "சப்பாத்து இல்லை" என்று எழுதியிருந்த பிள்ளைக்குப் போட்டியன்று காலில் சப்பாத்து இருந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த இல்லம் மூன்றாவதாக வந்தது. மேடையில் அவளுக்கு ஒன்றுமில்லை.

அதேபோல இன்னொரு விஷயம், ஓடத் தெரியாத பிள்ளைகளை என்ன செய்வது என்பது. கெட்டித்தனமான தலைவன் அவர்களைக் குண்டு போடவும் தட்டெறியவும் அனுப்புவான், மிஞ்சினவர்களைக் கொண்டு பந்தல் போடுவான், அணிநடைக்கு உயரவாரியாக நிறுத்துவான், கயிறு இழுக்க விடுவான். ஒரு இல்லத்தில் நூறு பிள்ளைகள் என்றால் நூறு பேருக்கும் ஏதோ ஒரு வேலை. எங்கள் வகுப்பறைகளில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்குத் தவணை முழுக்க ஒருவரும் ஒரு பொறுப்பும் கொடுப்பதில்லை. மைதானத்தில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வேலை கொடுப்பது ஆசிரியர் அல்ல, அவனைவிட இரண்டு வயது கூடிய இன்னொரு மாணவன்.

பந்தல் என்றேன். இல்ல அலங்காரத்துக்குத் தனிப் புள்ளி உண்டு. முன்னர் கிடுகு, பனையோலை, வாழை, தென்னங்குருத்து, யாரோ ஒருவர் வீட்டு வேலியிலிருந்து வெட்டின பூவரசங்கதியால், இவ்வளவுதான் சாமான். இரவு பதினொரு மணிவரை பிள்ளைகள் நின்று கட்டுவார்கள், யாராவது ஒரு அம்மா தேத்தண்ணியும் பணிஸும் கொண்டுவருவார். நல்லூரின் பழைய சங்கிலியன் தோப்பு வளைவைப் பனைமட்டையில் செய்த பெடியன்களைப் பார்த்திருக்கிறேன். அது கொஞ்சம் சரிந்துதான் நின்றது. இப்போது பல இடங்களில் ஆள் பிடித்துச் செய்கிறார்கள். றெஜிபோர்ம் அட்டை வெட்டுகிறவர் வருகிறார், பனர் அடிக்கிறவர் வருகிறார், வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர் ஒருவர் காசு அனுப்புகிறார். பந்தல் கோவில் சப்பறம் மாதிரி ஜொலிக்கிறது. பிள்ளைகள் அதற்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். கட்டத் தெரியாது. இதற்கு ஏன் மாணவர்களுக்குப் புள்ளி போடுகிறோம் என்று ஒரு நடுவர் கூட்டத்தில் கேட்டேன். "சேர், உதுகளைக் கதைச்சால் பிரச்சினை வரும்" என்றார்கள்.

போட்டியன்று நடப்பது அதைவிட மோசம். அழைப்பிதழில் பிற்பகல் 1.30 என்று இருக்கும். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று ஒரு பெரிய பட்டியல். அவர்கள் வந்து சேர இரண்டரை. பாண்ட் வாத்தியத்தோடு அழைத்துவந்து, கொடி ஏற்றி, தீபம் ஏற்றி, அணிநடை மரியாதை முடிய மூன்றரை. இதுவரை பிள்ளைகள் மாசி பங்குனி வெயிலில் நின்ற நிலை. பிறகு உரைகள். விளையாட்டின் முக்கியத்துவத்தைப் பற்றி விளையாட வந்த பிள்ளைகளை நிறுத்திவைத்து இருபது நிமிஷம் பேசுகிறார்கள். இறுதிப் போட்டிகள் ஐந்தரைக்குப் பிறகுதான். கடைசி அஞ்சலோட்டத்தில் எனக்குக் கடிகார இலக்கமே மங்கலாகத் தெரியும், பரிசளிப்பு இருட்டில் நடக்கும்.

வெயில் என்பதை விளையாட்டாக எடுக்க முடியாது. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில் பள்ளி மரதன் ஓடிய பதினாறு வயது மாணவன் ஒருவன் சுகவீனமுற்று இறந்துபோனான். அந்த வருஷம் வெப்பம் கூடியிருந்ததால் பிள்ளைகளை வெளியில் விளையாட விடுவதைக் குறைக்கச் சொல்லிக் கல்வியமைச்சே அறிவுறுத்தல் விட்டிருந்தது. ஒரு சில பள்ளிகள் அதன் பிறகு மரதனைக் காலை ஆறு மணிக்கு மாற்றின, முதலுதவிக்கு ஆள் வைத்தன. அணிநடையையும் உரைகளையும் மாற்ற மட்டும் ஒருவருக்கும் மனமில்லை. மயங்கி விழுகிற பிள்ளையைச் சென் ஜோன்ஸ் முதலுதவிப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போவதும், விருந்தினர் பேச்சை நிறுத்தாமல் தொடர்வதும் நான் கண்ணால் கண்ட காட்சி. எந்தப் பள்ளி என்று சொல்வதில் பயனில்லை, பல பள்ளிகளில் இதுதான் கதை.

இனி மற்ற நிகழ்ச்சிகள். மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் "வடக்கின் போர்" கிரிக்கெட் ஆட்டம் 1904 இல் தொடங்கியது. போர்க்காலத்தில் சில வருஷங்கள் நடக்காமல் போயும் திரும்ப எழும்பி நிற்கிறது. மூன்று நாள் ஆட்டம், மத்திய கல்லூரி மைதானத்தில். பப்பரே வாத்தியம், கொடி, ஊர்வலம், வெளிநாட்டிலிருந்து இதற்கென்றே விடுப்பு எடுத்து வரும் பழைய மாணவர்கள். மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கில் ஆடி, 2024 இல் ஐ.பி.எல்.வரை போன பிறகு, சுழற்பந்து போடாத பெடியனே ஊரில் இல்லை. எனக்குக் கிரிக்கெட்டில் அவ்வளவு பிடிப்பில்லை என்பதால் இதோடு நிறுத்துகிறேன்.

தமிழ்மொழித் தினப் போட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வில்லுப்பாட்டும் இலக்கிய நாடகமும் பழகுகிற பிள்ளைகளைப் பார்க்கச் சந்தோஷம், அங்கே அவர்களுடைய சொந்தக் குறும்பு கொஞ்சமாவது வெளியே வரும். பேச்சுப் போட்டி வேறு கதை. பேச்சை எழுதுவது ரீச்சர், ஏற்ற இறக்கம் குறிப்பது ரீச்சர், கையை எங்கே தூக்குவது என்று சொல்வதும் ரீச்சர். பிள்ளை மறந்து நின்றால் அவள் கண் போவது முன்வரிசையில் வாயசைக்கிற ரீச்சரிடம். ஒரு பிள்ளை தடுமாறித் தன்னுடைய வசனம் ஒன்றைச் சொன்னால் அதற்கு ஐந்து புள்ளி கூடக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

சாதனை என்று வந்தால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பெயர்கள் சில. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் மத்திய கல்லூரி மாணவர். 1952 ஹெல்சிங்கியிலும் 1956 மெல்பேர்ணிலும் ஒலிம்பிக் போய், 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. உயரம் பாய்ந்தவர்கள் மெத்தையில் விழாமல் மணலில் விழுந்த காலம். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையை மீண்டும் மீண்டும் புதுப்பித்து 2017 இல் 3.55 மீற்றருக்குக் கொண்டுபோனார். சாவகச்சேரி இந்துக் கல்லூரியில் படித்த புவிதரன் ஆண்கள் பிரிவில் 5 மீற்றருக்கு மேல் பாய்ந்து தேசிய சாதனை படைத்தார்.

இந்தக் கோலூன்றிப் பாய்தலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் இல்லப் போட்டிகளில் பெரும்பாலும் இந்த நிகழ்ச்சியே கிடையாது. கோல் விலை கூடியது, பாய்கிறவரின் நிறைக்கு ஏற்ற மாதிரி வேறு வேறு கோல் வேண்டும், விழுவதற்கு நல்ல மெத்தை வேண்டும். இத்தனை தடை இருந்தும் வடக்கிலிருந்து தேசிய சாதனையாளர்கள் வந்தது எப்படி? ஒரு பயிற்றுநர் பிடிவாதமாக நின்றார், பள்ளி இடம் விட்டது, பிள்ளை பள்ளிக்கூடம் விட்ட பிறகு தினமும் வந்தது. பந்தலும் பனரும் பிரதம விருந்தினரும் அதில் எங்கேயும் இல்லை.

"பத்தாம் வகுப்பு, ஓ.எல். வருது சேர், இனி ஓட விடேலாது" என்று எனக்குக் கடிதம் தரும் அப்பாமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தேசிய மட்டத்தில் திறமை காட்டிய பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் அதைக் காட்டி உங்களை இழுக்க நான் விரும்பவில்லை, ஏனென்றால் அது மிகச் சிலருக்குத்தான் கிடைக்கும். வெள்ளி காலை ஆறே காலுக்கு மைதானத்துக்கு வந்துபோன பிள்ளைகள் கணக்கில் குறைந்துபோனதை நான் காணவில்லை. நான்தானே திருத்துகிறவன்.

லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் பழைய மாணவர் சங்கக்காரர் பலர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். காசு அனுப்புகிற நல்ல மனசுக்கு நன்றி. அடுத்த முறை அதிபர் எழுதும்போது பந்தலுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு நல்ல உயரம்பாய்தல் மெத்தை, ஆறு சோடி ஓட்டச் சப்பாத்து, ஒழுங்கான நிறுத்தற்கடிகாரங்கள், குடிதண்ணீர்த் தாங்கி, மைதானத்தைச் சுற்றி நாலைந்து வேம்பு, இதில் ஏதாவதொன்றுக்குக் கொடுங்கள். விருந்தினராக வரக் கூப்பிட்டால் சந்தோஷமாக வாருங்கள், மூன்றரைக்கு வாருங்கள், இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசாதீர்கள். மேடையில் ஒருவருக்கு மாலை போடத்தான் வேண்டுமென்றால், சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிற அந்தப் பிள்ளையைக் கூப்பிடச் சொல்லுங்கள்.